வலி மிகாது

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் புதிதாகப் பலகை எழுதிக்கொண்டிருந்தார்கள். காய்கறிப் பையுடன் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஏகநாதன் நின்று பார்த்தார். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் தப்புக் கண்டுபிடிக்காமல் அவரால் நகர முடியாது; முப்பது வருஷமாக அச்சகத்தில் புரூப் பார்த்து வந்த பழக்கம். ஏணியில் நின்ற பெயிண்டர் ‘பல் மருத்துவமணை’ என்று மேல் வரியை முடித்திருந்தான். மனை மணையாகிவிட்டது. இனி நோயாளியை மணையில் உட்கார வைத்து மாலை போட்டுத்தான் பல்லைப் பிடுங்குவார்கள் போலிருக்கிறது. சொல்லலாமா என்று அவர் யோசிப்பதற்குள் பெயிண்டர் நீலப் பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்து, கீழ் வரியில் மேற்கோள் குறிக்குள் இரண்டு சொற்களை எழுதினான்: ‘வலி மிகாது’.

கன்னத்தைப் பிடித்தபடி வாசலில் நின்ற ஒரு பெண் அதைப் படித்துவிட்டு வீங்கிய வாயோடு சிரித்தாள். “எழுகோல் மந்திரத்தப் போட்டுக்கீறாரு டாக்டரு” என்று கூட வந்தவளிடம் சொன்னாள். அந்த வாயோடு அவளால் சிரிக்க முடிந்தது ஏகநாதனுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இரண்டு சொற்களும் அவருடையவை. அது ஊரில் எவனுக்கும் தெரியாது.

‘எழுகோல் மந்திரவாதிகள்’ இருபத்திரண்டு பாகம் கொண்ட தொடர். ஏழு மந்திரவாதிகள், ஏழு கோல்கள், ஒரு கருங்கல் கோட்டை, அதற்குள் உருப்படியாக ஒரு வேலையும் செய்யாத ஒரு பூதம். எழுதியவர் சவுரிமுத்து, ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. பார்சல் வராத நேரத்தில் எழுதினார் என்று சொல்வார்கள். படித்தால், வந்த நேரத்திலும் எழுதியிருப்பார் என்றுதான் தோன்றும். எழுபத்து மூன்றில் தொடங்கி, எண்பத்து நான்கில் அவர் கண்ணை மூடும் வரை, ஆறு மாதத்துக்கு ஒரு பாகம் ஏகநாதன் வேலை பார்த்த அச்சகத்திலிருந்துதான் வெளியே வந்தது. அவர் கையில் சிவப்பு மை படாமல் ஒரு பாகமும் போனதில்லை.

படித்தவர்கள் குழந்தைகளாக இருந்தால் அவர் மன்னித்திருப்பார். அத்தனை பேரும் வளர்ந்தவர்கள், மீசை வைத்தவர்கள். செக்கில் கையெழுத்துச் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள், டெலிபோன் ஆபீசில் ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள். அவர்கள்தான் எலெக்ட்ரிக் டிரெயினில் தலையைப் புத்தகத்துக்குள் விட்டுக்கொண்டு, பல்லாவரத்தில் இறங்குவதை மறந்து கடற்கரை வரை போய் வந்தார்கள். ஏழாவது கோலுக்குச் சொந்தக்காரன் கதையில் செத்த மாதம் குரோம்பேட்டையில் ஒரு ஆள் மொட்டை போட்டுக்கொண்டான். சேலையூரில் ஒரு வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்குக் கோட்டையின் பெயரை வைத்தார்கள். சவுரிமுத்து செத்து நாலு வருஷம் ஆகியும் இந்தப் பைத்தியம் தெளியவில்லை. வாசகர் வட்டம் என்று ஒன்று வைத்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் குச்சியோடு கூடினார்கள்.

இதில் எல்லாம் உச்சம் அந்த மந்திரம். மூன்றாம் பாகம், நாற்பத்தொன்றாம் பக்கம். படுத்த படுக்கையான மன்னனின் முன்னால் மூத்த மந்திரவாதி கோலை உயர்த்தி, “தீராப் பிணியே, விலகு! வலி மிகாது” என்கிறான். மன்னன் எழுந்து உட்காருகிறான். அவ்வளவுதான். அன்றிலிருந்து தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை தலைவலிக்கும் பல்வலிக்கும் இடுப்புவலிக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிரசவ வார்டில் சொல்கிறார்கள் என்றும் கேள்வி. ஏகநாதனின் மனைவி திரிபுரசுந்தரியே மாடிப்படி இறங்கும்போது முழங்காலைத் தடவிக்கொண்டு முணுமுணுப்பாள்.

“அது இலக்கணம்டி” என்பார் அவர். “வல்லெழுத்து இரட்டிக்காதுன்னு அர்த்தம். நான் எழுதினது.”

“நீங்க எழுதினா இவ்வளவு சின்னதா இருக்காதே” என்பாள் அவள்.

நடந்தது இதுதான். புரூப்பில் தப்பை அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு குறி போட்டால் போதும் என்பது அச்சகத்து வழக்கம். ஏகநாதனுக்கு அது போதாது. ஏன் தப்பு என்பதையும் ஓரத்தில் எழுதுவார். ‘உயர்திணை’, ‘ஒருமை பன்மை மயக்கம்’, ‘வலி மிகும்’, ‘வலி மிகாது’. அச்சுக் கோக்கிறவனுக்கும் நாலு எழுத்து தெரியட்டுமே என்ற நல்ல எண்ணம் என்று அவர் சொல்லிக்கொள்வார். முதலாளி துரைராஜ் எத்தனையோ முறை, “சார், புரூப்ல பாடம் நடத்தாதீங்க” என்று கெஞ்சியிருக்கிறார். கேட்கவில்லை. மூன்றாம் பாகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் ஓரத்தில் எழுதிய ‘வலி மிகாது’ என்பதை, உள்ளே சேர்க்க வேண்டிய சொற்கள் என்று நினைத்துக் கம்பாஸிட்டர் ஜெயவேலு கோத்துவிட்டான். புத்தகம் வந்ததும் சவுரிமுத்து அச்சகத்துக்கு ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. “யார் சார் இதைச் சேர்த்தது? எனக்குத் தோணாமப் போச்சே” என்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து போயிருந்த ஏகநாதன், “யாரோ” என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒற்றைச் சொல்லுக்காகப் பதினைந்து வருஷமாகத் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். வீட்டில் டிரங்குப் பெட்டியில் ‘வல்லெழுத்து மிகும் இடங்களும் மிகா இடங்களும்’ என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் அவர் கையால் எழுதியது கிடக்கிறது. துரைராஜ் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “யார் சார் படிப்பா?” என்று திருப்பிக் கொடுத்தார். ஆக, ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தி அச்சேற்றிய ஏகநாதனுடைய சொந்த எழுத்தில் அச்சேறியது அந்த இரண்டு சொல்தான். அதையும் அவர் பெயர் இல்லாமல், அர்த்தம் தெரியாத முட்டாள்கள் வாய் நிறையச் சொல்லித் திரிகிறார்கள்.

பலகை எழுதிய அதே வாரம் வாசகர் வட்டத் தலைவர் கஸ்தூரிரங்கன் அச்சகத்துக்கு வந்தார். பேங்க் மேனேஜர். தொடருக்குப் பதினைந்தாம் ஆண்டு விழா, பழைய ஆள் என்ற முறையில் ஏகநாதன் வந்து ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “மந்திரத்தோட மூலத்தை நான் கண்டுபிடிச்சுட்டேன் சார். வ, லி, மி, கா, து. அஞ்செழுத்து. கவனிச்சீங்களா? திரிசூலம் மலையில ஒரு சித்தர் சவுரிமுத்துவுக்கு உபதேசம் பண்ணது. அன்னிக்கு ஆராய்ச்சிக் கட்டுரையா வாசிக்கிறேன்” என்றார்.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போட்ட சவுரிமுத்துவுக்குத் திரிசூலத்தில் சித்தர். ஏகநாதன் அப்போதே முடிவு செய்துவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. அதற்கு முன்னால் அந்த மேடையில் ஏறி, உண்மையைச் சொல்லி, குச்சியைத் தூக்கிய அத்தனை பேர் முகத்திலும் கரியைப் பூசிவிட்டுத்தான் இறங்குவது. உண்மைக்காகத்தான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளூர இருந்தது வேறு. ‘இவர்தான் அதை எழுதியவர்’ என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜெயவேலுவைச் சாட்சிக்கு அழைத்து வரலாம் என்று சனிக்கிழமை அனகாபுத்தூருக்குப் பஸ் ஏறினார். ஜெயவேலு வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. தறிச் சத்தம் கேட்கும் சந்துக்குள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஜெயவேலு ஒரு பெண்ணின் மணிக்கட்டில் எண்ணெய் தடவி நீவியபடி, கண்ணை மூடிக்கொண்டு, “வலி மிகாது, வலி மிகாது” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுளுக்கு எடுக்கிறானாம். தேள்கடிக்கும் வருகிறார்களாம். ஏகநாதனுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

“வா சார். இன்னா இந்தப் பக்கம்? குந்து” என்றான் ஜெயவேலு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு.

விஷயத்தைச் சொன்னார். நீதான் தப்பாகக் கோத்தாய் என்று நாளைக்கு மேடையில் வந்து சொல்ல வேண்டும் என்றார். ஜெயவேலு உள்ளே போய், பழைய தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பழுப்பேறிய புரூப். ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து, நேற்று எழுதியது போல இருந்தது.

“இதை வெச்சிருந்தியா?” என்றார் ஏகநாதன்.

“என்னிக்கினா ஒரு நாள் மொதலாளி கேப்பாரு, ஏன்டா இத்த சேத்தேன்னு. அப்போ காட்டலாம்னு எட்த்து வெச்சேன். யாரும் கேக்கல.” கொஞ்சம் தயங்கினான். “ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத சார். நான் தப்பாக் கோக்கல. நீதான் தப்பா அட்ச்சிருந்த.”

ஏகநாதன் சிரித்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒருவன் அவரிடம் சொன்னதில்லை.

“நல்லாப் பாரு சார். ‘தீராப் பிணி’ன்னு அவுரு கரெக்டாத்தான் எய்தியிருந்தாரு. நீ அந்த ‘ப்’ப அட்ச்சிட்டு, வலி மிகாதுன்னு போட்டுக்கீற. தீராத பிணின்னு வந்தா நடுவுல ‘ப்’ வராது. ‘த’ கயண்டு தீரான்னு நின்னா வரும். எட்டாங் கிளாஸ் நோட்ஸு எத்தினி வாட்டி கோத்துக்கிறேன், எனுக்குத் தெரியாதா? அந்த எழுத்த எட்த்தா தப்பாப் பூடும். எடுக்காம வுட்டா நீ வந்து கத்துவ. நான் இன்னா பண்றது? ‘ப்’ப வுட்டுட்டு, நீ எய்துனத்த உள்ள தூக்கி வெச்சேன். ரெண்டாவது புரூப்ல நீயே பாத்து ரெண்டுத்தையும் செரி பண்ணிக்குவன்னு நெனைச்சேன்.” அவன் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. “நீ பாக்கவேயில்ல சார். கையெய்த்துப் போட்டு அன்ப்பிட்ட.”

ஏகநாதன் தாளைப் பார்த்தார். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழியாப் புகழ், ஓடாக் குதிரை, தீராப் பிணி. வலி மிகும். அவருடைய நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் முப்பத்தோராம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. இந்தக் குப்பைக்கு இலக்கணம் ஒரு கேடு என்று அலுத்துக்கொண்டு, பேச்சும் டீயுமாக, வரியைப் படிக்காமலே அடித்துத் தள்ளிய நாள். இரண்டாம் புரூப் தன்னிடம் வரவே இல்லை என்றுதான் பதினைந்து வருஷமாக மனைவியிடமும் தன்னிடமும் சொல்லி வந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார்.

“நாளைக்கு நான் வரல சார்” என்றான் ஜெயவேலு. “இங்க ஜனங்க வரும். நீ எட்த்துக்கினு போ.”

திரும்பி வரும் பஸ்ஸில் தாள் சட்டைப் பைக்குள் இருந்தது. மானம் போகிற சமாசாரம். ஓரத்துச் சொற்களை மட்டும் கிழித்துக் காட்டலாம் என்றால், ‘ப்’பை அடித்த கோடு அதே வரியிலிருந்துதான் நீண்டு அந்தச் சொற்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. போகாமலே இருந்துவிடலாம். போனால் பேசாமலும் இருந்துவிடலாம். பம்மல் தாண்டும்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. யாருக்குப் பயப்படுகிறோம்? பூதத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற கூட்டம். அதில் எவனுக்கு ஈறு தெரியும், எவனுக்குப் பெயரெச்சம் தெரியும்? சிவப்பு மையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இறங்கும்போது அவர் மனம் லேசாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கே குரோம்பேட்டைக் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. கதவுத் திரைத் துணியைப் போர்வையாகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் கஸ்தூரிரங்கன். மற்றவர்கள் கையில் ஒட்டடைக்கம்பு, குடைக்காம்பு, ஜிகினாத் தாள் சுற்றிய கரும்பு. ஏர்ஃபோர்ஸில் இருக்கும் ஒரு ஆள் தாடி ஒட்டிக்கொண்டு வந்து, வியர்வையில் அது கழன்று கழன்று விழ, மூன்றாவது கோலும் நான்காவது கோலும் அண்ணன் தம்பியா இல்லையா என்று இன்னொருவரோடு குரலை உயர்த்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஏகநாதனுக்கு ஒருவித சந்தோஷம்கூட வந்தது. இவ்வளவு மட்டமாக இருப்பார்கள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

நட்சத்திரம் ஒட்டிய காகிதத் தொப்பியோடு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் அவரிடம் வந்தாள்.

“பிரஸ் சார்தானே? என் பேரு ஞானம்மாள். பம்மல்ல டீச்சரா இருக்கேன். உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. மூணாம் பாகத்துல, நாற்பத்தொண்ணாம் பக்கம்…”

“மந்திரம்தானே?”

“மந்திரம் இல்ல சார், அதுக்கு முன்னாடி இருக்கிற வார்த்தை. அத நான் கிளாஸ்ல…”

“பேசும்போது சொல்றேன்மா” என்று ஏகநாதன் நகர்ந்துவிட்டார். தையல் டீச்சராக இருக்கும். தொப்பியைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

கஸ்தூரிரங்கன் முக்கால் மணி நேரம் வாசித்தார். சித்தர் வந்தார், மலை வந்தது, ஐந்தெழுத்து ஐந்து பூதங்களாயிற்று. கூட்டம் கரும்பால் தரையைத் தட்டியது. அப்புறம் ஏகநாதனைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

“சித்தரும் இல்ல, மலையும் இல்ல. வலி என்றால் வல்லெழுத்து. மிகாது என்றால் இரட்டிக்காது. புரூப்ல ஓரமா நான் எழுதின குறிப்பு அது. கம்பாஸிட்டர் உள்ள சேர்த்துட்டான். பதினஞ்சு வருஷமா நீங்க சொல்லிக்கிட்டிருக்கிறது என்னோட புரூப் திருத்தம்.”

மண்டபம் அமைதியாகிவிட்டது. இந்த அமைதிக்காகத்தான் அவர் வந்தார். அழுவார்கள், கோபப்படுவார்கள், ஒட்டடைக்கம்பைக் கீழே போடுவார்கள் என்று நினைத்திருந்தார்.

“ஆதாரம் இருக்கா சார்?” என்றார் கஸ்தூரிரங்கன், மிக மரியாதையாக.

ஏகநாதன் தாளை எடுத்துக் கொடுத்தார். கஸ்தூரிரங்கன் படித்தார். முகம் வெளுக்கும் என்று ஏகநாதன் காத்திருந்தார். மாறாக அது மலர்ந்தது. அவர் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மைக்குக்கு வந்து, தழுதழுத்த குரலில், “சித்தர் மலையில இல்ல. நம்ம தாம்பரத்துலயே, ஒரு அச்சாபீஸ்ல உக்காந்திருந்திருக்காரு” என்றார்.

எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தாடிக்காரர் தாடி விழுந்ததையும் கவனிக்காமல் கைதட்டினார். யாரோ மேடையேறி ஏகநாதன் காலைத் தொட்டார்கள். மூடர்களா, அது இலக்கணம், என்று அவர் சொல்ல நினைத்தார். அத்தனை கண்களும் அவரையே பார்த்தன. இத்தனை வருஷம் அவர் ஏங்கியது இதற்குத்தான். அது இவர்கள் கையிலிருந்து வருவது கேவலமாக இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. வேண்டாம் என்று தள்ள அவரால் முடியவில்லை. தாளைக் கீழே இறக்கி முதல் வரிசையில் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் சிவப்பு எழுத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் தந்தார்கள். ஒருவர்கூட வரியைப் படிக்கவில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் வரிசையில் அது ஞானம்மாள் கைக்குப் போனது. அவள் கும்பிடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து, வரியின் ஆரம்பத்திலிருந்து படித்தாள். அவள் விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்து, அடிக்கப்பட்ட ‘ப்’பின் மேல் நின்றது. அங்கேயே நின்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டை எத்தனையோ ஆயிரம் திருத்திய விரல் அது என்று அந்த நிலையைப் பார்த்ததும் ஏகநாதனுக்குத் தெரிந்துவிட்டது.

“நம்ம சாருக்காக ஒரு தடவை” என்றார் கஸ்தூரிரங்கன். கோல்கள் உயர்ந்தன. ஞானம்மாள் நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்தாள். முந்நூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: வலி மிகாது. அவளும் ஏதோ சொன்னாள்; சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் ‘கா’வில் மண்டபத்தின் எல்லா வாயும் திறந்திருந்தபோது, அவள் உதடுகள் மட்டும் ‘மிகும்’ என்று மெல்ல மூடின.